கண்ணாடி வழியே, கண்ணாடிக்கு மேலே

1950களின் அமெரிக்க நெடுஞ்சாலைப் புகைப்படங்களில் ஹார்லி டேவிட்சன் ஓட்டிகளைப் பாருங்கள். அவர்கள் சாலையை நேராகப் பார்ப்பதில்லை. பெரிய பிளாஸ்டிக் தகடு ஒன்றின் ஊடாகப் பார்க்கிறார்கள். ஹைட்ரா கிளைடு, 1958இல் டியோ கிளைடு, 1965இல் எலக்ட்ரா கிளைடு என்று பெயர் மாறிக்கொண்டே வந்த அந்தக் கனத்த வண்டிகளின் ஹேண்டில்பாரில் விண்ட்ஷீல்டு நெட்டுக்குத்தாக நிற்கும். கீழ்ப்பகுதி சிவப்போ நீலமோ வெள்ளையோ கொண்ட வண்ணத் தகடு, மேல்பகுதி தெளிந்த கண்ணாடி. பலருக்கு அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டித்தான் முடியும்.

இன்றைக்கு அதே நிறுவனத்தின் ஸ்ட்ரீட் கிளைடில் ஏறி உட்கார்ந்தால் கண்ணாடி மார்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஹோண்டா கோல்டு விங்கில் பொத்தானை அழுத்தினால் ஏறுகிறது, இறங்குகிறது. நெடும்பயணம் போகிறவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கண்ணாடிக்கு மேலே பார்த்து ஓட்டு, கண்ணாடி வழியே பார்த்து ஓட்டாதே. கண்ணுக்கு மேலே இருந்த விளிம்பு கண்ணுக்குக் கீழே இறங்க இருபது முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அதை இறக்கியதில் பைக் செய்தவர்களைவிட ஹெல்மெட் செய்தவர்களுக்கே பெரிய பங்கு என்பது என் கட்சி.

அன்றைய ஓட்டியின் தலையில் இருந்தது பெரும்பாலும் துணித் தொப்பி. கண்ணுக்கு ஒரு காப்புக் கண்ணாடி, அவ்வளவே. கன்னமும் மூக்கும் வாயும் காற்றுக்குத் திறந்திருந்தன. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டு வந்து உதட்டில் மோதினால் தெரியும், அந்தத் தகடு ஏன் அவ்வளவு உயரமாக இருந்தது என்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கத்துக் குளிரில் முகம் மரத்துப்போவது வேறு. ஆக, எத்தனை உயரம் என்ற கேள்வியே அன்று எழவில்லை. முகத்தை மறைக்க வேண்டும். மறைக்கிற உயரம் வேண்டும். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தத் தகடும் அப்போது புதுப் பொருள்தான். ஜெர்மனியின் ரோம் நிறுவனம் 1933இல் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயரிட்டுக் கொண்டுவந்த அக்ரிலிக் அது. இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் விமானி அறைக் கூரையாகப் பறந்துவிட்டு, போர் முடிந்ததும் ஊர்ச் சாலைக்கு இறங்கி வந்தது. தெளிவானது, வளைக்க எளியது. ஆனால் கல் பட்டால் கீறும், துளையிட்ட இடத்திலிருந்து விரியும். மழை பெய்தால் இன்னொரு தொல்லை. காருக்கு வைப்பர் உண்டு, இதற்கு ஏது? துளிகள் தகட்டில் அப்படியே நிற்க, எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு துளியிலும் சிதறி, சாலை இருக்கும் இடமே தெரியாமல் போகும். முகத்தைக் காப்பாற்றிய கண்ணாடி இரவு மழையில் கண்ணைக் கட்டியது. இதைப் பொறுத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை ஊர் சுற்றியது.

ஐரோப்பாவில் காற்றை முதலில் அக்கறையாக அளந்தவர்கள் பந்தயக்காரர்கள். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மாண்டெல்லோ டெல் லாரியோ என்ற ஊரில், மோட்டோ குஸி நிறுவனம் 1950இல் ஒரு காற்றுச்சுரங்கம் கட்டியது. முழு அளவு மோட்டார் சைக்கிளை, ஓட்டுபவரோடு சேர்த்து, உள்ளே நிறுத்திச் சோதிக்கலாம். முன்சக்கரத்தையும் விழுங்கிக்கொள்ளும் முழுக் கூடுகள் பந்தயத்துக்கு வந்த காலம் அது. பக்கக் காற்று அடித்தால் அந்தக் கூடுகள் வண்டியையே தள்ளிக்கொண்டு போயின. 1957 பருவத்தோடு சர்வதேசக் கூட்டமைப்பு அவற்றைத் தடை செய்தது. இவ்வளவு அறிவும் சாதாரண ஓட்டியிடம் வந்து சேர இருபது வருடம் பிடித்தது. 1976இல் பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வந்தது. ஹான்ஸ் முத் வடிவமைத்த அந்தக் கூட்டை பினின்ஃபரினாவின் காற்றுச்சுரங்கத்தில் வைத்துத் திருத்தினார்கள். கண்ணாடி சிறியதுதான்; கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருபவருக்கு அது போதும். நிமிர்ந்து உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டே போக விரும்பியவர்களுக்கு, இரண்டு வருடம் கழித்து உயரமான கண்ணாடியோடு ஆர்100ஆர்டி வந்தது.

அமெரிக்காவில் இந்த வேலையைத் தனி ஆளாகத் தொடங்கியவர் கிரெய்க் வெட்டர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு படித்தவர். 1960களின் பிற்பாதியில் பைக்குகளுக்குக் கூடு செய்து விற்க ஆரம்பித்து, 1970களின் தொடக்கத்தில் விண்ட்ஜாமர் என்ற கூட்டைக் கொண்டுவந்தார். ரேண்டூல் என்ற சிற்றூரில் தொழிற்சாலை. அந்தக் கூட்டில் இரண்டு புத்திசாலித்தனம் உண்டு. ஒன்று, கூட்டை ஹேண்டில்பாரில் மாட்டாமல் வண்டியின் சட்டத்தில் மாட்டியது. காற்றின் இழுப்பு இதனால் கைக்கு வராது. இரண்டு, கூடு ஒன்றே, பிராக்கெட் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு. 1975இல் ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1000 அறிமுகமானபோது அதற்குக் கூடும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது, வெறும் வண்டி. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் அதில் விண்ட்ஜாமரை மாட்டிக்கொண்டு கண்டத்தையே கடந்தார்கள். ஹோண்டாவும் பார்த்துக்கொண்டிருந்தது. 1980இல் ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட் தன் சொந்தக் கூட்டோடு வந்தது.

உயரம் பற்றிய பேச்சு சூடுபிடித்தது இந்தக் காலத்தில்தான். கடையில் கிடைத்த கண்ணாடி தாராள உயரம். வாங்கியவர் அதைத் தன் உடம்புக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டி, மேல்விளிம்பின் வளைவை அப்படியே கீழே இறக்கி வரைந்து, மெல்லிய பல் உள்ள ஜிக்ஸா பிளேடால் பொறுமையாக அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் அக்ரிலிக் சூட்டில் இளகி, அறுத்த வாயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். அறுத்த பிறகு ஈரமான உப்புத்தாளால் விளிம்பை மழுக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று அங்குலம் வெட்டாதே, அரை அங்குலம் வெட்டு, ஓட்டிப் பார், மறுபடி வெட்டு என்பது அந்த நாளைய புத்திமதி. வெட்டியதை ஒட்ட முடியாதே.

சரி, ஏன் வெட்டினார்கள்? முகத்தை மூடிய கண்ணாடி திடீரென்று ஏன் அதிக உயரமாகத் தோன்றியது?

இங்கேதான் ஹெல்மெட் வருகிறது. 1960களின் இறுதியில் பெல் நிறுவனத்தின் ஸ்டார் என்ற ஹெல்மெட், தாடை உட்பட முழு முகத்தையும் மூடிக்கொண்டு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் முழுமுக ஹெல்மெட் நெடும்பயணக்காரர்களிடம் பரவலாயிற்று. விண்ட்ஷீல்டு செய்துவந்த பாதி வேலையை ஹெல்மெட் வைசர் எடுத்துக்கொண்டது. வண்டு, தூசி, குளிர் மூன்றும் இனி வைசரின் பாடு. மழையில் அந்த வைசரைக் கையுறை விரலால் ஒரு இழு இழுத்துத் துடைத்துக்கொள்ளலாம்; வண்டிக் கண்ணாடியை அப்படித் துடைக்க முடியாது. பிறகு எதற்காக ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் வழியாகச் சாலையைப் பார்க்க வேண்டும்? கண்ணாடியை மூக்கு மட்டத்துக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலே பார்த்து ஓட்டத் தொடங்கினார்கள்.

இறக்கியதும் புதுத் தலைவலி ஒன்று வந்தது. தலைவலி என்று நிஜமாகவே சொல்கிறேன்.

கண்ணாடியின் விளிம்பைத் தாண்டும் காற்று ஒழுங்காகப் போவதில்லை. விளிம்புக்கு வெளியே வேகக் காற்று. உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், கிட்டத்தட்ட நின்றுபோன காற்று. இரண்டும் உரசும் எல்லையில் சுழல்கள் பிறந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று பின்னால் போகின்றன. அந்த எல்லை ஹெல்மெட்டில் வந்து பட்டால் தலையை யாரோ இருபுறமும் தட்டிக்கொண்டே வருவதுபோல் இருக்கும். பார்வை அதிரும், வாகன எண்ணைக்கூடப் படிக்க முடியாது. போதாததற்கு, கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. அந்தக் குறைவை நிரப்ப, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே புகும். உயரக் கண்ணாடி போட்டவர் முதுகில் யாரோ முன்னால் தள்ளுவதுபோல் உணர்வது இதனால்தான். மழை நாளில் மார்பு காய்ந்திருக்க முதுகு நனைவதும் இதனால்தான்.

ஆகவே உயரம் கூடக்கூட நிம்மதியும் கூடும் என்ற கணக்கு இதில் செல்லாது. குட்டைக் கண்ணாடி நல்லது: காற்று மார்பில் தள்ளினாலும் தலைக்கு வருவது கலங்காத காற்று. போதிய உயரக் கண்ணாடியும் நல்லது: எல்லை தலைக்கு மேலே போய்விடும். கெட்டது நடுவில் இருக்கிறது. விளிம்பின் காற்று சரியாகத் தாடைக்கும் நெற்றிக்கும் இடையில் வந்து அடிக்கும் உயரம் அது. கடையில் 'மீடியம்' என்று விற்கப்படும் அளவு பலருக்கும் சிக்கலாவது அதனால்தான். நடுத்தரமாக வாங்கினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நன்மை கிடைக்கும் என்று நாம் எதிலும் நினைப்போம்; காற்று அந்தச் சமரசத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இன்றைய ஓட்டிக்கு இன்னொரு எதிரி சத்தம். என்ஜின் சத்தத்தைச் சொல்லவில்லை, காற்றின் சத்தத்தைச் சொல்கிறேன். ஹெல்மெட்டுக்குள் காதருகே மைக் வைத்துப் பிரிட்டனில் எடுத்த அளவீடுகள் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 90 டெசிபல் என்றும், 160இல் சுமார் 110 என்றும் காட்டின. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரையோ 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். விளிம்பின் சுழல் ஹெல்மெட்டின் அடிப்பகுதியில் பட்டால் இந்தச் சத்தம் இன்னும் கூடும். அன்று குளிருக்குப் பயந்து உயரம் பார்த்தார்கள்; இன்று காதுக்குப் பயந்து பார்க்கிறார்கள். எந்தக் கண்ணாடி போட்டாலும் காதடைப்பான் இல்லாமல் நாள் முழுக்க ஓட்டாதீர்கள் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். கண்ணாடியில் செலவழிக்கும் ஆயிரங்களில் கிடைக்காத நிம்மதி சில சமயம் சில ரூபாய் பஞ்சுருளையில் கிடைத்துவிடும்.

தயாரிப்பாளர்கள் இதற்கு இரண்டு வழியில் பதில் சொன்னார்கள். ஒன்று மோட்டார். 1990களின் தொடக்கத்தில் பி.எம்.டபிள்யூ கே1100எல்டியில் மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி வந்தது. அடுத்து ஆர்1100ஆர்டியிலும் வந்தது. கோல்டு விங்குக்கு அது 2018இல்தான் கிடைத்தது. இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது: உயரத்தைத் தொடாமல் அழுத்தத்தைத் தொடுவது. கண்ணாடிக்கு அடியில் ஒரு வாசல் திறந்துவிட்டால் அதன் வழியே வரும் காற்று பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பும். சுழலின் மூர்க்கம் தணியும். ஹார்லியின் புகழ்பெற்ற வௌவால் சிறகுக் கூடு 1969இலேயே வந்துவிட்டது. அதில் இப்படி ஒரு காற்றுவாசல் வைக்க 2014 ஆகிவிட்டது. நாற்பத்தைந்து வருடம்! ஒரு சின்னத் துளைக்கு.

பொத்தான் வந்தபின் எல்லாம் தீர்ந்ததா என்றால், பாதிதான் தீர்ந்தது. ஊருக்குள் இறக்கிவிட்டு, நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டு, மழை வந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும் வசதி பெரிய வரம்தான். ஆனால் அந்தக் கண்ணாடி ஏறி இறங்கும் எல்லையைத் தொழிற்சாலை தீர்மானிக்கிறது. ஓட்டுபவரின் உடம்பு தொழிற்சாலைக்குத் தெரியாது. ஐந்தடி எட்டங்குலம் உள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முண்டம் நீளம். இருக்கையில் உட்கார்ந்தால் ஹெல்மெட் மட்டம் இரண்டு மூன்று அங்குலம்கூட வித்தியாசப்படும். நின்ற உயரத்தைச் சொல்லிக் கண்ணாடி கேட்பது அதனால் வீண். வண்டிக்கு ஜெல் இருக்கை போட்டால் இரண்டு சென்டிமீட்டர் ஏறிவிடுகிறோம்; நேற்றுவரை அமைதியாக இருந்த கண்ணாடி இன்று படபடக்கத் தொடங்கும். பழியைக் கண்ணாடிமேல் போடுவோம்.

அன்று ரம்பம் பிடித்தவர்கள் அளந்த முறை இன்றும் மாறவில்லை. வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க, முழு உடுப்போடும் ஹெல்மெட்டோடும் ஏறி உட்கார வேண்டும். ஷோரூமில் உட்காருவதுபோல் விறைப்பாக வேண்டாம். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் முதுகு கூனி உட்காருவோமே, அப்படி. கண்ணாடியின் சாய்வையொட்டி ஒரு நீளமான அளவுகோலை வைத்தால் மேல்விளிம்பு மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே வர வேண்டும். பார்வை விளிம்பைத் தாண்டித் தடையில்லாமல் சாலையில் போய் விழும்; காற்று விளிம்பில் எகிறி ஹெல்மெட்டைத் தாண்டும். மேல்விளிம்பு முன்பக்கமாகச் சற்று வளைந்த உதடு போல் இருந்தால் காற்று இன்னும் மேலே எத்தும், உயரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வளைவு கண்மட்டத்தில் வந்தால் சாலை நெளியும். அதைவிடச் சகிக்க முடியாதது வேறில்லை.

வாங்கும் முன் சோதிக்கவும் வழி உண்டு. வாகன நடமாட்டமில்லாத நேரான சாலையில், வழக்கமான வேகத்தில் போகும்போது, இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிப் பாருங்கள். தலையைத் தட்டுவது நின்றுவிட்டால் உங்களுக்கு இதைவிடக் குட்டைக் கண்ணாடி போதும். மாறாகத் தலையைத் தாழ்த்தும்போது அமைதி கிடைத்தால் உயரம் வேண்டும். எவ்வளவு தாழ்த்தினீர்களோ ஏறக்குறைய அவ்வளவு. விமானம் செய்பவர்கள் செய்வதுபோல் கண்ணாடியின் பின்பக்கமும் ஹெல்மெட்டிலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் வரும் நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லலாம். நூல் படிந்து கிடந்தால் ஒழுங்கான காற்று. பேயாட்டம் ஆடினால் சுழல். கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் போட்டுத் தப்பான கண்ணாடி வாங்குவதைவிட மேல்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். பழைய தலைமுறைக்கு வண்டிக் கண்ணாடி என்றால் லாம்ப்ரெட்டாவுக்கும் பஜாஜ் சேட்டக்குக்கும் முன்னால் மாட்டிய அகலத் தகடுதான். புல்லட்டில் காற்று நேராக நெஞ்சில்தான். மார்கழி அதிகாலையில் கிளம்புகிறவர் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்து, காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு போவார். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் தொடங்கித் திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த நிறுவனம், ஆலையிலிருந்தே விண்ட்ஷீல்டோடு ஒரு நெடும்பயண வண்டியை 2016இல் ஹிமாலயன் மூலம் தந்தது. 2020இல் மீட்டியோர் 350இன் சூப்பர்நோவா வகை, 2023இல் சூப்பர் மீட்டியோர் 650இன் செலஸ்டியல் வகை என்று அடுத்தடுத்துக் கண்ணாடி போட்ட வண்டிகள் வந்தன. இடையில் 2021இல் பஜாஜ் டாமினார் 400 உயரக் கண்ணாடியோடு வந்தது. கேடிஎம் 390 அட்வெஞ்சரில் போல்ட்டைக் கழற்றி இரண்டு உயரங்களில் ஒன்றில் மாட்டும் வசதி வந்தது. செய்தித்தாள் காலத்திலிருந்து இங்கே வந்துசேர்ந்த தூரம் சின்னதில்லை.

ஆனால் அமெரிக்காவின் புத்திமதியை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே உதைக்கும். சித்திரை வெயிலில் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே உயரக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் புரியும். காற்று நின்றுபோன அந்த இடத்தில் வேர்வை ஆறாது. என்ஜின் சூடும் சேர்ந்துகொள்ளும். கோல்டு விங் கண்ணாடியின் நடுவில் திறந்து மூடும் காற்றுத்துளை வைத்தவர்கள் இதை அறிந்தவர்கள். அமெரிக்காவிலேயே பலர் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். நமக்குக் குளிர்காலக் கண்ணாடி ஊட்டிக்கும் லடாக்குக்கும் போகும்போதுதான் தேவை. மற்ற நாளுக்கு மார்பு மட்டத்தோடு நிற்கும் குட்டைக் கண்ணாடியே உத்தமம் என்று நான் நினைக்கிறேன். மார்பில் அடிக்கும் காற்றின் தள்ளுதலை அது பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். தலைக்குச் சுத்தமான காற்றை விட்டுவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 80இலிருந்து 100க்குப் போனாலே அது ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். கழுத்தும் தோளும் மாலையில் வலிப்பதற்கு அதுதான் காரணம். அதற்குக் குட்டைக் கண்ணாடியே போதும்.

உயரத்துக்கு இங்கே இன்னொரு சோதனைக் களமும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று மலை இடைவெளியில் நெருக்குண்டு சீறி வரும் இடம். முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதற்காகத்தான். வைகாசி முதல் புரட்டாசி வரை அந்தப் பகுதியைத் தாண்டும் ஓட்டிக்கு உயரக் கண்ணாடியின் மறுபக்கம் தெரிந்துவிடும். ஹேண்டில்பாரில் மாட்டிய பெரிய தகட்டைப் பக்கக் காற்று பிடித்து இழுத்தால் அந்த இழுப்பு நேராக ஸ்டியரிங்கில் வருகிறது. காற்றாலைகளுக்கு நடுவே ஒரு லாரியை முந்தும்போது, லாரியின் மறைவில் காற்று நின்று, தாண்டிய நொடியில் மொத்தமாக அடிக்கும். சட்டத்தில் மாட்டிய கண்ணாடி என்றால் வண்டி முழுதும் சற்று நகரும். ஹேண்டில்பாரில் மாட்டியது என்றால் கை முறுகும். வெட்டர் சட்டத்தில் மாட்டியதன் அருமை அங்கே விளங்கும். நம் சந்தையில் கிடைக்கும் எல்லா வண்டிக்கும் பொருந்தும் மலிவுக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஹேண்டில்பாரில்தான் மாட்டுகின்றன. அந்தப் பாதையில் அடிக்கடி போகிறவர் உயரத்தில் பேராசைப்படாமல் இருப்பது நல்லது.

பின்னால் உட்காருபவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. நம் வீடுகளில் நெடும்பயணம் என்றாலே மனைவியோ பிள்ளையோ பின்னிருக்கையில் இருப்பார்கள். பின்னிருக்கை உயரமானது; ஓட்டுபவரின் ஹெல்மெட்டைத் தாண்டி எகிறும் காற்று இறங்கி வரும் பாதையில்தான் அவர்கள் தலை இருக்கிறது. ஓட்டுபவருக்கு அமைதியாகத் தெரியும் கண்ணாடி பின்னால் இருப்பவருக்கு நரகமாக இருக்கலாம். அவர் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு வரலாம். சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாமல் அவரையும் ஏற்றிக்கொண்டு போய், இறங்கியதும் முதலில் அவரைக் கேட்பதே சரி.

கண்ணாடியின் பொருளையும் சொல்லிவிடுகிறேன். 1953இல் ஜெர்மனியில் பேயரும் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கும் தனித்தனியே கண்டுபிடித்த பாலிகார்பனேட் இன்று தரமான கண்ணாடிகளில் இடம்பிடித்துவிட்டது. அக்ரிலிக் போல் கல்லடியில் உடையாது. ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாவிட்டால் துணி பட்டாலே கீறும். அக்ரிலிக்கின் கீறலைப் பாலிஷ் போட்டுப் போக்கிவிடலாம், இதில் முடியாது. வெட்டிப் பார்க்க நினைப்பவருக்கு அக்ரிலிக் தோது. ஒருமுறை உயரம் முடிவானால் பாலிகார்பனேட் நீடிக்கும். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர், பெட்ரோல், பிரேக் ஆயில் எதுவும் அதில் படக்கூடாது. அதிர்வில் நட்டு கழலாமல் இருக்கட்டும் என்று மெக்கானிக் லாக்டைட் தடவ வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்று, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டு, ரப்பர் லேசாகப் பிதுங்கும் வரை முடுக்கினால் போதும்.